ஃபைபர் படகில் நீர் ஊறிய இடத்தைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

ஃபைபர் படகு மக்காது என்பது பாதி உண்மைதான். கண்ணாடி இழை மக்காது. ஆனால் அந்த இழையைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினுக்குள் தண்ணீர் மெல்ல மெல்லப் புகும். நடுவில் ப்ளைவுட்டோ பால்சா மரமோ வைத்துக் கட்டியிருந்தால், அங்கே தண்ணீர் புகுந்ததும் அது மக்கத் தொடங்கும். பழுது பார்த்த இடம் சில மாதங்களிலேயே மறுபடி கொப்பளித்தால் பெரும்பாலும் மேட் (ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு) வைத்ததில் குறை இருக்காது. ஈரம் போகாமலே மேலே மூடியிருப்பார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் விட்டிருப்பார்கள். மேட் வைப்பது ஒருநாள் வேலை, அதற்கு முந்தைய வேலை பல வாரம் பிடிக்கும். இந்த வழிகாட்டியிலும் அந்த முந்தைய வேலைக்குத்தான் அதிக இடம்.

இங்கே சொல்வது 4 முதல் 7 மீட்டர் வரை நீளமுள்ள, கையால் மேட் வைத்து பாலியெஸ்டர் ரெசினில் கட்டிய படகுகளுக்குப் பொருந்தும். கார்பன் இழைப் படகுக்கு இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

## சேதம் மூன்று வகை

முதலாவது கொப்புளம். ஜெல்கோட் என்னும் வெளித்தோல் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அது நீரை முழுக்கத் தடுக்காது. உள்ளே கசியும் ஈரம், சரியாக இறுகாத ரெசின் மிச்சங்களையும் கிளைக்கால் (glycol, ரெசின் தயாரிப்பில் சேரும் ஒரு திரவம்) போன்ற பொருட்களையும் கரைத்து அடர்த்தியான கரைசலாக்குகிறது. அந்தக் கரைசல் சவ்வூடு பரவல் மூலம் வெளியிலிருந்து மேலும் தண்ணீரை இழுக்க, அழுத்தம் ஏறி ஜெல்கோட் புடைக்கிறது. குத்தினால் வினிகர் வாடையோடு பிசுபிசுப்பான நீர் வரும். கடல்நீரில் கிடக்கும் படகைவிட நன்னீரில் கிடக்கும் படகில் இது சீக்கிரம் வரும், நீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். காரணம் எளிது: வெளிநீரில் உப்பு குறையக் குறைய, உள்ளே இழுக்கும் விசை கூடுகிறது.

இரண்டாவது அடுக்குப் பிரிதல். பாறையிலோ தரையிலோ மோதிய இடத்தில் ஜெல்கோட்டில் மயிரிழை வெடிப்புதான் தெரியும், உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நடுவில் நீர் தங்கியிருக்கும்.

மூன்றாவது நடுப்பலகை ஊறுவது. எஞ்சின் மாட்டும் பின்பலகை, தளம், அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பெரும்பாலும் ஓட்டின் (படகின் ஃபைபர் வெளிச்சுவரின்) வழியாக இங்கே தண்ணீர் வருவதில்லை. சீலன்ட் காய்ந்துபோன ஒரு ஸ்க்ரூ ஓட்டை, வடிகால் அடைப்பான் குழாயின் ஓரம், எஞ்சின் போல்ட் ஓட்டை இவற்றின் வழியாகத்தான் வருகிறது. வெளியில் ஏற்றி வைத்த படகில் தேங்கும் மழைநீரும் இதே வேலையைச் செய்யும். சொல்லப்போனால் கடலில் ஓடும் நாட்களைவிட, கரையில் மழைநீர் தேங்கக் கிடக்கும் நாட்கள்தான் பின்பலகைக்கு எமன்.

## எங்கே, எவ்வளவு என்று கண்டுபிடித்தல்

படகை ஏற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து, அடைப்பானைத் திறந்து ஓரிரு நாள் வடியவிடுங்கள். அடியில் பூசிய பாசித் தடுப்புப் பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். அதில் தாமிரம் இருப்பதால் அதன் மேல் ஈரமானி வைத்தால் பொய்யான அளவுதான் காட்டும். பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்க வேண்டாம், அந்தத் தூசி நஞ்சு. ஈரப்படுத்திச் சுரண்டுங்கள்.

பிறகு தட்டிப் பாருங்கள். சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோ, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியோ போதும். கட்டம் போட்டது மாதிரி 3 சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு வீதம் நகருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். பிரிந்த இடமும் ஊறிய இடமும் மொத்தென்று கேட்கும். ஓசை மாறும் எல்லையைப் பென்சிலால் அங்கேயே கோடு போட்டுவிடுங்கள், பிறகு நினைவிலிருந்து வரைய முடியாது. உள்ளே தாங்குகட்டை இருக்கும் இடத்திலும் ஓசை மாறும். அதனால் மறுபக்கத்தின் அதே இடத்தையும் தட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஈரமானி இருந்தால் குறித்த இடங்களில் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அது காட்டும் எண்ணைவிட, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள உலர்ந்த இடத்துக்கும் சந்தேகப்படும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஈரமானி இல்லையென்றால் 30 சென்டிமீட்டர் சதுரத்துக்குத் தெளிவான பாலிதீன் தாளை நான்கு ஓரமும் காற்று புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஓட்டில் ஈரம் இருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே இன்னொரு தாளையும் ஒட்டி ஒப்பிட்டால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

நடுப்பலகையில் சந்தேகம் இருந்தால் உட்புறத்திலிருந்து 4 மி.மீ. ட்ரில் போட்டு, வெளித்தோலைத் தொடாமல் நிறுத்துங்கள். பிட்டில் ஒட்டி வரும் தூளைப் பாருங்கள். வெளிறிய, காய்ந்த சுருள் என்றால் நல்லது. கறுத்து, விரலால் பிழிந்தால் ஈரம் கசிந்து, மண்வாடை அடித்தால் பலகை போய்விட்டது. 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்டு நல்ல தூள் வரும்வரை நகர்ந்தால் வெட்ட வேண்டிய எல்லை கிடைத்துவிடும்.

## எந்த ரெசின்

இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் மாற்றினால் சிக்கல். பாலியெஸ்டர் ரெசின் எளிதில் கிடைக்கும், ஜெல்கோட்டும் அதன்மேல் நன்றாக ஒட்டும். ஆனால் பழைய, இறுகிய லேமினேட்டின்மேல் (ரெசினும் இழையும் சேர்ந்து இறுகிய அடுக்கின்மேல்) அதன் பிடிப்பு சுமார்தான், மரத்தின்மேல் இன்னும் மோசம். எபாக்சி இரண்டிலும் நன்றாகப் பிடிக்கும், நீரையும் அதிகம் தடுக்கும். வினைல் எஸ்டர் இவை இரண்டுக்கும் நடுவே.

ஆழமில்லாத, ஜெல்கோட்டைத் தாண்டி ஓரிரு அடுக்கு மட்டும் போன இடத்துக்கு வினைல் எஸ்டரோ நல்ல ஐசோஃப்தாலிக் பாலியெஸ்டரோ போதும். நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை விழுந்திருந்தாலும், ப்ளைவுட்டை மாற்ற வேண்டியிருந்தாலும் எபாக்சிதான் சரி. எபாக்சிமேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் பூசுவது நம்பகமில்லாத வேலை. எபாக்சி வைத்த இடத்தை எபாக்சி ப்ரைமரும் பெயின்ட்டும் கொண்டு முடித்துவிடுங்கள்.

மேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெட்டிய இழைகளைப் பரப்பிய சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் அந்த மேட் இளகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் படியாது, இழைக்குள் ரெசினும் சரியாக இறங்காது. எபாக்சிக்கு நெய்த துணியோ, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்த பையாக்சியல் துணியோ வாங்குங்கள்.

## எவ்வளவு வேண்டும்

ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு வைத்தால் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் வரும். மேட்டின் எடைபோல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். தைத்த துணியும் நெய்த துணியும் தம் எடைக்குச் சமமான ரெசினோடு நின்றுவிடும்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு: ஓட்டின் தடிமன் 5 மி.மீ., வெட்டி எடுத்த ஓட்டை 20 செ.மீ. விட்டம். சுற்றிலும் தடிமனைப்போல் 12 மடங்கு சரிவு வேண்டும், அதாவது 6 செ.மீ. ஆகவே வெளி விட்டம் 32 செ.மீ. 450 கிராம் மேட்டில் 32, 30, 28, 25, 22 செ.மீ. விட்டத்தில் ஐந்து வட்டங்கள். மொத்தப் பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர், மேட் 135 கிராம், ரெசின் 340 கிராம். பிரஷ்ஷிலும் டப்பாவிலும் வீணாவதைச் சேர்த்து 400 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் வெட்டும்போது மூலைகள் வீணாகும் என்பதால் மேட்டை அரை சதுர மீட்டராக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கருவிகள்: கிரைண்டரும் 36 அல்லது 40 கிரிட் டிஸ்க்கும், 80, 120 கிரிட் உப்புத்தாள், வரிவரியான உலோக ரோலர், மலிவான பிரஷ்கள், ஒரு கிராம் வரை காட்டும் தராசு, அசிட்டோன், வெள்ளைத்துணி, பீல் ப்ளை துணி (ரெசின் இறுகியதும் உரித்தெடுக்கும் துணி).

## உயிருக்கும் கண்ணுக்கும்

பாலியெஸ்டருக்கான கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம். ஊற்றும்போது கண்ணாடி கட்டாயம். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினாகவே கேட்டு வாங்கிவிட்டால் இந்த அபாயமே இல்லை. தூசி முகமூடி கண்ணாடித் தூளைத் தடுக்கும், ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவி (organic vapour) வடிகட்டி போட்ட முகமூடி வேண்டும். எபாக்சி கையில் பட்டால் அசிட்டோனால் துடைக்காதீர்கள், அது தோலுக்குள்தான் கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும் போதும்.

## திறப்பது

முதலில் படகின் வடிவத்தைக் காப்பாற்றுங்கள். பெரிய துண்டை வெட்டுவதற்கு முன் இருபுறமும் நன்றாக முட்டுக் கொடுங்கள். முட்டு சரியில்லாமல் வெட்டினால் ஓடு தொய்ந்துவிடும், மேட் வைத்து இறுகிய பிறகு அந்தத் தொய்வு நிரந்தரம்.

கொப்புளங்களைக் குத்தும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் பீய்ச்சும். ஒவ்வொன்றையும் கிரைண்டரால் தட்டு வடிவில் அகலமாகத் திறக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தனித்தனியாகச் செய்யலாம். அடிப்பகுதி முழுக்கப் பரவியிருந்தால் அந்தப் பகுதியின் ஜெல்கோட்டை முழுவதும் எடுப்பதே மேல்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கண்தான் சொல்லும். நல்ல லேமினேட் தேய்க்கத் தேய்க்க இளம்பச்சையாகவோ தேன் நிறமாகவோ, லேசாக ஒளி ஊடுருவும்படி தெரியும். கெட்ட இடம் வெளேரென்று, இழை இழையாகப் பிரிந்து தெரியும். ரெசின் விட்டுப்போன இழைதான் அப்படி வெளுக்கும். அது போகும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்த ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்து பாருங்கள். காய்ந்து சாம்பல் பூத்திருக்கும் பரப்பில் ஊசிமுனை அளவுக்கு ஈரப்பொட்டுகள் கறுப்பாக எழும்பியிருக்கும். அவை உள்ளிருந்து கசிபவை. அந்த இடங்களை இன்னும் ஆழமாகத் திறவுங்கள்.

## கழுவிக் காயவைப்பது

வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைப்பதுதான் இந்த வேலையின் மிகப் பெரிய பிசகு. உள்ளே இருப்பது வெறும் தண்ணீராக இருந்தால் காயும். ஆனால் அதோடு கிளைக்காலும் இருக்கிறது. புரொப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், வெயிலில் அது ஆவியாகப் போவதில்லை. போதாக்குறைக்கு அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அது நீரில் கரையும் என்பதால் கழுவித்தான் எடுக்க முடியும்.

திறந்த பரப்பை வெந்நீரால் நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புநீர் கூடாது. இரண்டு மூன்று நாள் காயவிட்டு மறுபடி கழுவுங்கள். ஒவ்வொரு முறை கழுவும் முன்பும் ஈரப்பொட்டு உள்ள இடத்தில் நீல லிட்மஸ் தாளை அழுத்திப் பாருங்கள். சிவப்புக்கு மாறினால் அமிலம் இன்னும் இருக்கிறது. பொட்டும் பிசுபிசுப்பும் நின்று, தாள் நிறம் மாறாமல் இருக்கும்போதுதான் கழுவுவதை நிறுத்த வேண்டும்.

அதற்குப் பிறகுதான் காயவைப்பது. நிழல் கட்டி, காற்றோட்டம் கொடுத்து, மழையும் இரவுப் பனியும் படாமல் பாருங்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துவிடும். சூடேற்றும் விளக்கு வைத்தால் பரப்பு 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பாலியெஸ்டர் இளகத் தொடங்கி ஓடு கோணலாகும். வாரம் ஒருமுறை அதே புள்ளிகளில் ஈரமானி வைத்து எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எண் இறங்காமல், உலர்ந்த பகுதியின் அளவுக்குப் பக்கத்தில் நின்றால் காய்ந்துவிட்டது. இரண்டு மாதம் பிடிப்பதெல்லாம் சகஜம்.

ஊறிய பலகை இப்படிக் காயாது. சின்ன ஓட்டைகள் போட்டு எபாக்சியை ஊசியால் ஏற்றிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஈரமான மரத்துக்குள் எபாக்சி இறங்காது, ஓட்டையைச் சுற்றிச் சின்ன வட்டத்தில் இறுகி நின்றுவிடும். மீதி மரம் மூடிய பெட்டிக்குள் மக்கிக்கொண்டே இருக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும்.

## நடுப்பலகை மாற்றுவது

உட்தோலின் தடிமனுக்கு மட்டும் இறங்கும்படி வட்டரம்பத்தின் ஆழத்தை வைத்து, உட்புறத்திலிருந்து வெட்டுங்கள். வெளித்தோலைத் தொடாவிட்டால் படகின் வடிவம் அப்படியே இருக்கும். எடுத்த தோல் நன்றாக இருந்தால் பத்திரப்படுத்துங்கள், திரும்ப ஒட்டலாம். மக்கிய மரத்தை உளியால் சுரண்டி, கறுப்பு முடிந்து நல்ல மரம் தெரிந்த பிறகும் 5 செ.மீ. தள்ளி வெட்டுங்கள்.

புதுத் துண்டாக மரைன் ப்ளைவுட் அல்லது மூடிய அறைகள் கொண்ட பிவிசி ஃபோம். பின்பலகைக்கு ப்ளைவுட்தான் நல்லது, எஞ்சின் போல்ட்டின் இறுக்கத்தைச் சாதாரண ஃபோம் தாங்காது. ப்ளைவுட்டின் எல்லா முகங்களிலும், முக்கியமாக வெட்டு ஓரங்களில், வெறும் எபாக்சியை முதலில் பூசுங்கள். நேராகக் கெட்டிக் கலவையை வைத்தால் மரம் ரெசினை உறிஞ்சிக்கொள்ள, ஒட்டும் இடம் வறண்டுவிடும். பிறகு சிலிகா தூள் சேர்த்து வெண்ணெய் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியைப் பல் வைத்த கரண்டியால் தடவி, பலகையை அழுத்துங்கள். எல்லா ஓரத்திலும் கலவை பிதுங்க வேண்டும். பிதுங்காத பக்கத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். மூலைகளில் அதே கலவையால் வளைவு கொடுங்கள், கூர்மையான மூலையில் துணி படியாமல் தூக்கிக்கொள்ளும்.

போல்ட் ஓட்டைகளை 8 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. என்று அகலமாகப் போட்டு, கெட்டி எபாக்சியால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 8 மி.மீ. ட்ரில் போடுங்கள். இனி போல்ட்டின் சீலன்ட் காய்ந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

## சரிவும் சுத்தமும்

12 மடங்குச் சரிவு ஏன்? புது மேட்டுக்கும் பழைய ஓட்டுக்கும் இடையே ரசாயனப் பிணைப்பு இல்லை, பிடிப்பு மட்டுமே. அந்தப் பிடிப்புக்குப் பரப்பு வேண்டும். ஓட்டையை நேராக வெட்டி அடைத்தால் 5 மி.மீ. விளிம்பு மட்டும்தான் தாங்கும், அலை அடிக்கும்போது அடைப்பு மூடிபோலக் கழன்றுவிடும்.

வேலை வரிசையில் ஒன்று கவனம்: முதலில் அசிட்டோன், பிறகுதான் தேய்ப்பு. மெழுகும் எண்ணெயும் உள்ள பரப்பை முதலில் தேய்த்தால் அழுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். ஒரு துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுங்கள். பிறகு 40 கிரிட்டில் சரிவு, 80 கிரிட்டில் முடிவு. தூசியை உறிஞ்சி எடுத்தபின் வெறுங்கையால் தொட வேண்டாம்.

ஓட்டை மறுபுறம்வரை போயிருந்தால், அந்தப் புறத்தில் வளைவுக்கு ஏற்ற மெல்லிய ப்ளைவுட்டுக்குப் பேக்கிங் டேப் ஒட்டி முட்டுக் கொடுங்கள். டேப்பில் ரெசின் ஒட்டாது.

## மேட் வைப்பது

வெப்பநிலை 18 முதல் 30 டிகிரிக்குள், காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டின் பரப்பில் பனி கோக்கும் நேரத்தில் ஆரம்பிக்கவே கூடாது, காலை வெயில் ஏறியபின் தொடங்குவது உத்தமம்.

பாலியெஸ்டருக்கு 100 கிராமுக்கு 1 முதல் 2 மில்லி கேட்டலிஸ்ட். வெப்பம் கூடினால் 1, குறைந்தால் 2. அதற்குக் கீழே போனால் முழுக்க இறுகாது, மேலே போனால் சூடேறி நொறுங்கும் தன்மை வரும். ஒரே தடவையில் 150 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம், 15, 20 நிமிடத்தில் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். எபாக்சியில் இந்த விளையாட்டே கிடையாது. விகிதம் டப்பாவில் போட்டபடிதான், எடையா கொள்ளளவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரை (எபாக்சியோடு கலக்கும் இரண்டாவது திரவத்தை) கூட்டினால் அது என்றைக்கும் சரியாக இறுகாது. இரண்டு நிமிடமாவது, ஓரமும் அடியும் வழித்துக் கலக்குங்கள்.

முதலில் பரப்புக்கு வெறும் ரெசின் ஒரு பூச்சு. பிறகு பெரிய வட்டம் முதலில், சின்னது கடைசியில். பெரியது முதலில் போனால் சரிவு முழுவதையும் ஒரே துண்டு கவ்விப் பிடிக்கும், கடைசியில் மட்டம் செய்யத் தேய்க்கும்போது அறுபடுவது சின்ன வட்டங்களின் ஓரமாகத்தான் இருக்கும். மேட்டை இழுத்துத் தடவாமல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளை மறைந்து கண்ணாடிபோல ஆன பிறகு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். வெள்ளைப் புள்ளி மிஞ்சியிருந்தால் அது காற்றுக்குமிழி, நாளைய கொப்புளத்துக்கு இன்றைக்கே போட்ட விதை. ரெசின் வழிந்து தேங்கினாலும் தவறு, அதிக ரெசின் பலமல்ல, வெடிப்பு.

பாலியெஸ்டரில் ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் வேண்டாம், சூடு அதிகமாகி ஓடு நெளியும். சூடு தணிந்தபின் மீதியை வையுங்கள். கடைசி அடுக்கின் மேல் பீல் ப்ளை விரித்து ரோலர் போட்டால், மறுநாள் உரித்ததும் தேய்க்கத் தயாரான பரப்பு கிடைக்கும். பீல் ப்ளை போடாத எபாக்சியின் மேல் வழுவழுப்பான படலம் பூக்கும். அதைத் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

மீதமான கலவையையும் ரெசின் துணிகளையும் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பரப்பித் திறந்த வெளியில் இறுகவிடுங்கள்.

## மட்டம், பூச்சு, தண்ணீரில் இறக்குவது

பள்ளங்களை எபாக்சியில் சிலிகா கலந்த பட்டியால் நிரப்புங்கள். கார் பட்டி வேண்டாம், அதில் உள்ள டால்க் தூள் தண்ணீரை உறிஞ்சும், நீர்மட்டத்துக்குக் கீழே அது புதுக் கொப்புளம்தான். நீளமான பலகையில் உப்புத்தாள் சுற்றிக் குறுக்காகத் தேய்த்தால் மேடுபள்ளம் தெரியும்.

நீர்த் தடுப்பு எபாக்சி ப்ரைமரை, காய்ந்தபின் மொத்தம் குறைந்தது 250 மைக்ரான் வரும்வரை பூச வேண்டும். பெரும்பாலான பிராண்டுகளில் அது 4 முதல் 6 பூச்சு. இரண்டு நிறம் கிடைத்தால் மாற்றி மாற்றிப் பூசுங்கள், விட்டுப்போன இடம் கண்ணில் படும். கடைசி பூச்சு விரல் ரேகை பதியும் பதத்தில் இருக்கும்போதே பாசித் தடுப்புப் பெயின்ட்டின் முதல் கை போய்விட வேண்டும். முழுக்க இறுகிவிட்டால் மறுபடி தேய்த்துத்தான் பூச முடியும்.

எபாக்சி வைக்காத இடத்தில் ஜெல்கோட் பூசுவதானால் 0.5 மி.மீ. தடிமன். காற்றுப்பட்டால் அதன் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். மெழுகுக் கரைசல் கலந்தோ, பிவிஏ (நீரில் கரையும் பிளாஸ்டிக்) படலம் தெளித்தோ காற்றை மறையுங்கள்.

பாலியெஸ்டரோ எபாக்சியோ, 25 டிகிரியில் ஏழு நாள் விட்டுத் தண்ணீரில் இறக்குங்கள். குளிர்ந்த இடத்தில் இன்னும் அதிக நாள் வேண்டும். அசிட்டோன் நனைத்த துணியால் உட்புறத்தில் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை. முதல் பருவம் முடிந்து படகை ஏற்றியதும், பழுது பார்த்த எல்லையை அதே சுத்தியலால் ஒருமுறை தட்டி, ஈரமானி அளவைப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். கரையில் நிற்கும்போது முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும், அடைப்பான் கழற்றியே இருக்க வேண்டும்.